ஒல்லாந்தர் வைத்தியசாலையின் இரண்டு முற்றங்கள்

கொழும்புக் கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு எதிரே, தாழ்ந்த ஓட்டுக் கூரையோடு நீளமாகக் கிடக்கும் கட்டடத்தை எல்லோரும் 'டச்சு ஹொஸ்பிட்டல்' என்றே அழைக்கிறார்கள். முச்சக்கர வண்டிச் சாரதியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், மேற்கொண்டு வழி சொல்லத் தேவையில்லை. ஆனால் வைத்தியம் நாடி அங்கே எவரும் போவதில்லை. சாப்பிடவும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்குப் பரிசுப் பொருள் வாங்கவும், அலுவலகம் விட்ட பின் நண்பர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கவும் போகிறார்கள். நானும் அப்படித்தான் பல தடவை போயிருக்கிறேன். அங்குள்ள உணவகங்களைப் பற்றிய மதிப்பீடுகளுக்குக் குறைவில்லை என்பதால் இங்கே கட்டடத்தையே மதிப்பிட விரும்புகிறேன். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதான ஒரு வைத்தியசாலையைக் கடைத்தொகுதியாக மாற்றியவர்கள் எதைக் காப்பாற்றினார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பதே ஒவ்வொரு தடவையும் எனக்குள் எழும் கேள்வி.

போர்த்துக்கேயரிடமிருந்து 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் உத்தியோகத்தருக்கும் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்குமாக இந்த வைத்தியசாலையை நடத்தியது. 1681 அளவில் இது இயங்கிக்கொண்டிருந்ததாக நம்பப்படுகிறது. அக்காலத்தில் கம்பனியின் பணியில் இலங்கையில் இருந்த கிறிஸ்டோப் ஷ்வைட்சர் என்ற ஜெர்மானியர் தம் பயணக் குறிப்பில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். கோட்டைப் பகுதியில் இன்று எஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுவே என்று கருதப்படுகிறது. துறைமுகத்துக்கு அருகில் இடத்தைத் தெரிந்தெடுத்ததன் காரணம் எளிதில் விளங்கும். ஒல்லாந்திலிருந்து புறப்படும் கப்பல் ஆசியாவை வந்தடைய ஆறு முதல் எட்டு மாதங்கள் வரை பிடித்தன. அத்தனை காலமும் உப்பிட்ட இறைச்சியையும் காய்ந்த பிஸ்கட்டையும் தின்று, முரசு வீங்கிப் பல் ஆடத் தொடங்கியவர்களையும், வயிற்றுளைவினால் எழுந்து நிற்க முடியாமல் போனவர்களையும் கரையிலிருந்து நெடுந்தூரம் தூக்கிச் செல்ல முடியாது. அருகில் ஒரு கால்வாயும் ஓடியதாகச் சொல்கிறார்கள். இன்று அது 'கெனல் ரோ' என்ற ஒழுங்கையின் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இங்கே பணியாற்றியவர்களாகச் சொல்லப்படுவோரில் பவுல் ஹேர்மன் முக்கியமானவர். 1672 முதல் 1677 வரை கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த அவர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிகுதி நேரத்தில் இந்தத் தீவின் செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தித் தாள்களில் ஒட்டி வைத்தார். பின்னர் லைடன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் அந்தத் தொகுப்பு சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸின் கைக்குப் போய்ச் சேர, அதை வைத்தே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அந்த உலர்ந்த இலைகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதே வளாகத்தில் ஸ்பா சிலோன் கடையில் கறுவா, எலுமிச்சம்புல் வாசனை வீசும் தைலப் போத்தல்களை வரிசையாகப் பார்க்கும்போது, முன்பிருந்த வைத்தியர் கண்ட மூலிகை வேறு வடிவத்தில் திரும்பி வந்து நிற்பதாக எனக்குத் தோன்றும். இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கட்டடத்தின் அமைப்பை யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐந்து நீண்ட பகுதிகள் இரண்டு திறந்த முற்றங்களை வளைத்து நிற்கின்றன. அவற்றுள் மிக நீளமானது வைத்தியசாலை வீதியை ஒட்டிச் செல்கிறது. மழையும் வெயிலும் முற்றத்தில் விழ, காற்று மட்டும் விறாந்தையைக் கடந்து உள்ளே போகும். மின்விசிறி இல்லாத காலத்தில் காய்ச்சல்காரருக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் இருந்திருக்காது. ஒரு தடவை மழைக்கு ஒதுங்கி யன்னலோரம் நின்றபோது சுவரின் தடிப்பைக் கையால் அளந்து பார்த்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை வைத்த பின்னும் சுவர் கொஞ்சம் மிஞ்சியது. ஏறத்தாழ அரை மீற்றர். தலைக்கு மேலே, இரு கைகளாலும் கட்டிப் பிடித்தாலும் சிரமப்படும் அளவுக்குத் தேக்குத் தீராந்திகள். கூரை விளிம்பில் பீலி ஓடுகளின் ஒவ்வொரு குழியிலிருந்தும் தண்ணீர் தனித்தனி நூலாக இறங்கி முற்றத்துக் கல்லில் தெறித்துக்கொண்டிருந்தது. அலுவலக உடுப்பில் இருந்த நாலைந்து பேர் தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமான பின் கட்டடத்தின் பயன்பாடு பல தடவை மாறியது. 1980களின் தொடக்கத்திலிருந்து 1990கள் வரை கொழும்பு அப்போதிக்கரிஸ் நிறுவனமும் கோட்டைப் பொலிஸ் நிலையமும் இதற்குள் இயங்கின. ஒரு பக்கம் மருந்து வியாபாரம், மறுபக்கம் பொலிஸ்! அந்தக் காலத்தில் கோட்டைக்கு வரும் தமிழர் எவரும் இந்தக் கூரையின் அழகை அண்ணாந்து பார்த்திருப்பார் என்று நான் எண்ணவில்லை. சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபடி விரைந்து கடந்து போகும் பகுதியாகத்தான் அது இருந்தது. 1996 ஜனவரி 31ஆம் திகதி, சற்றுத் தொலைவிலுள்ள மத்திய வங்கியின் மீது விடுதலைப் புலிகள் நடத்திய லொறிக் குண்டுத் தாக்குதலில் 91 பேர் கொல்லப்பட்டனர். சுமார் 1,400 பேர் காயமடைந்தனர். வைத்தியசாலைக் கட்டடமும் சேதமடைந்து கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்தைக் குறிவைத்த குண்டும் அதே சுற்றுவட்டாரத்திலேயே வெடித்தது. அதன் பின் கோட்டையின் வீதிகள் பல தடைகளால் மூடப்பட்டன. ஆள் நடமாட்டம் அற்ற இடத்தில் பழைய ஓட்டுக் கூரைக்கு என்ன நேரும் என்பது பூட்டிய வீட்டை விட்டுப் புலம்பெயர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். ஓர் ஓடு நழுவினால் அதன் வழியே ஒழுக்கு, ஒழுக்கினால் சலாகை உளுத்துப் போதல், பிறகு சுவர் ஊறுதல் என்று அழிவு மேலிருந்து கீழே இறங்கும்.

போர் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்த பின் கோட்டையின் வீதிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டடத்தைப் புனரமைத்து 2011 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இந்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது, செய்யப்படாமல் விடப்பட்டவைதான். முற்றங்களுக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டுக் குளிரூட்டி, இன்னும் முப்பது கடைகளுக்கு இடம் கண்டிருக்கலாம். மேலே ஒரு தளத்தை எழுப்பியிருக்கலாம். கோட்டையில் நிலத்தின் பெறுமதி என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சபலம் எவ்வளவு வலியது என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இடங்கொடாமல், வெறும் வெளியாகக் கிடக்கும் முற்றமே இந்தக் கட்டடத்தின் உயிர் என்பதை உணர்ந்து அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். இத்தகைய கட்டடங்களில் பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிச் சில மழைக்காலங்களில் பூச்சு பொருமிக் கொட்டத் தொடங்கும். நம்மூர்க் கோயில்களிலும் பழைய வீடுகளிலும் 'திருத்தம்' என்ற பெயரில் நடக்கும் இந்தத் தவற்றைப் பார்த்துப் பழகிய கண்களோடு சுவரின் அடிப்பகுதிகளைத் தேடித் தேடிப் பார்ப்பது என் வழக்கம். இங்கே சுவர்கள் ஆரோக்கியமாகவே நிற்கின்றன.

என் மனக்குறை உட்புறத்தைப் பற்றியது. வைத்தியசாலை மண்டபம் என்றால் கட்டில்கள் இரு வரிசையாக ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீளும் ஒரே வெளி. அந்த நீளத்தைப் பார்த்தால்தான் கம்பனியின் ஒரு கப்பல் வந்து சேர்ந்த நாளில் இங்கே எத்தனை உடல்கள் கிடந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடும். வாடகைக்கு விடுவதற்காகப் பகுதிகள் கடைகளாகப் பிரிந்துவிட்டதால், பெரிய உணவகங்களுக்குள் நுழையும்போது மட்டுமே அது ஓரளவு புலப்படுகிறது. காற்றோட்டத்துக்காகவே பிறந்த அறைகளைக் கண்ணாடிக் கதவால் அடைத்துக் குளிரூட்டியிருக்கும் சில கடைகளைக் கண்டால் ஒல்லாந்துக் கொத்தனார் சிரிப்பார். ஒரேயோர் அறையை வியாபாரத்துக்கு விடாமல், அங்கே கிடந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள், அவர்களைப் பராமரித்த உள்ளூரார் எவர் என்பதைக் காட்டுவதற்கு ஒதுக்கியிருந்தால் இந்தப் பெயருக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். இப்போது 'வைத்தியசாலை' என்பது நல்லதொரு விற்பனைப் பெயர் மட்டுமே. கொழும்பில் இது தனிக் கதையும் அல்ல. சுதந்திர சதுக்கத்துக்கு அருகே 2014இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்ட வெள்ளை நிறக் கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனநோயாளருக்காகக் கட்டப்பட்டது. அங்கே ஐஸ்கிரீம் உண்போரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? காலிக் கோட்டையின் ஒல்லாந்தர் வைத்தியசாலையும் இப்படியே உணவகங்களும் கடைகளுமாக மாறியிருக்கிறது. கடலைப் பார்த்த விறாந்தை இருப்பதால் அதன் மாலை வேளைகளுக்குக் கூடுதல் அழகு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபிப்பார்கள். வளாகம் திறந்த அதே மாதத்தில் தொடங்கிய 'மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்' இன்று வளாகத்தைவிடப் பிரபலமானது. சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன ஆகியோர் இணைந்து தொடங்கிய அந்த உணவகம் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் பல தடவை இடம்பிடித்திருக்கிறது. நல்ல நண்டெல்லாம் சிங்கப்பூருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த நாட்டில், அதை உள்ளூரிலேயே மேசைக்குக் கொண்டு வந்தது அவர்களின் சாதனை. அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நிறைவாரியாக விலை. மிளகு நண்டு உண்மையில் மிக நன்றாக இருக்கும். முருங்கையிலை போட்டு இறக்கிய நண்டுக் கறியில் வளர்ந்த நாக்கு அதை ஒப்பிட முற்படாமலிருப்பது நல்லது, இரண்டும் வேறு வேறு. நான் சாப்பிட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் கனடாவிலிருந்து வந்த மச்சானின் செலவில். முன்பதிவு செய்யாமல் போனால் வாசலிலிருந்தே திரும்ப நேரலாம்.

சிற்றுண்டிக் கடைகளில் ஒன்றில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். முற்றத்தைப் பார்த்த மேசையில் அமர்ந்து இஞ்சித் தேநீர் கேட்டேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து ஆறிப்போய் வந்தது. அதைவிட, மேசைக்கு நேர் மேலே மாட்டியிருந்த ஒலிபெருக்கி தன் வேலையைச் செய்த சத்தத்தில், எதிரே இருந்தவர் பேசியதை உதட்டசைவைப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருந்தது. சத்தத்தைக் குறைக்கும்படி கேட்டபோது பரிமாறிய பையன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனான். பாட்டு மாறியது, சத்தம் மாறவில்லை. விலைப்பட்டியலில் கண்ட தொகைக்கு மேலே சேவைக் கட்டணமும் வரியும் ஏறிய பற்றுச்சீட்டைப் பார்த்தபோது பிழை என்னுடையதுதான் என்று புரிந்தது: அடியில் சிறிய எழுத்தில் அது இருந்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், 2020இல் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளில் சுற்றுலாவை நம்பிய கடைகள் பட்ட பாடு தெரியும் என்பதால் விலையைப் பற்றி அதிகம் குறைகூற மனம் வரவில்லை. ஒலிபெருக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. அரை மீற்றர் சுவர் எழுப்பி நோயாளிக்காக உண்டாக்கிய அமைதியை முற்றத்தின் நடுவிலிருந்தே கலைப்பதற்கு எந்தப் பொருளாதார நெருக்கடியும் காரணமாகாது.

போக விரும்புவோர் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கால் மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஒன்றும் வாங்காமல் முற்றங்களைச் சுற்றி வந்தாலும் எவரும் ஏனென்று கேட்டதில்லை. வெள்ளி, சனி இரவுகளில் கூட்டமும் சத்தமும் மிகும். வேலைநாளொன்றில் நாலரை மணிக்குப் போனால் மேசைகள் பெரும்பாலும் காலியாக இருக்கும், ஒலிபெருக்கிகளும் இன்னும் விழித்திருக்காது. வெயில் கூரைக்கு மேலால் சாய்ந்து ஒரு பக்கத்து விறாந்தைத் தூண்களில் மட்டும் விழும் அந்த நேரத்தில், நிழல் பட்ட பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்.