ஹாஸ்டலா, வீடும் நூலகமுமா? நீட் மறுமுயற்சியில் நான் பார்த்த இரண்டு வழிகள்

சித்தி மகள் நீட் மறுபடி எழுதப் போகிறாள். நாமக்கல் பக்கம் கோச்சிங் ஹாஸ்டலில் சேரலாமா, காரிமங்கலத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாமா என்று கேட்டாள். நான் இரண்டையும் பார்த்தவள். 2024இல் முதல் தடவை எழுதி சீட் கிடைக்காமல் ஹாஸ்டலில் மூன்று மாதம் இருந்தேன். அப்புறம் பாலக்கோட்டுக்கே திரும்பி, தினமும் பஸ் ஏறி தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படித்து 2025இல் எழுதினேன். எனக்குச் சரிப்பட்டது வீடும் நூலகமும்தான்.

ஹாஸ்டலில் போன் கையில் இருக்காது, சந்தேகத்தை அன்றைக்கே சாரிடம் கேட்கலாம், செலவு அதிகம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் திரும்பி வந்ததற்குக் காரணம் மதியம் இரண்டு மணி. நீட் தொடங்குவது அப்போதுதான். 1.30க்கு கேட்டை மூடிவிடுவார்கள். சோதனை, வரிசை என்று முன்கூட்டியே போய் நிற்க வேண்டும் என்பதால் சாப்பாடு பத்தரைக்கே முடிந்துவிடும், அதுவும் மே மாத வெயிலில். 2024இல் நாலு மணிக்கு மேல் எனக்குக் கண் சொக்கியது. உயிரியல் 90 கேள்வியை முதலில் முடித்து, இயற்பியலைக் கடைசிக்கு வைப்பவள் நான். கணக்குப் போட வேண்டிய நேரத்தில் தூக்கம்.

ஹாஸ்டலில் இந்தக் குறை தீரவில்லை, மறைந்துதான் போனது. நான் இருந்த இடத்தில் மாதிரித் தேர்வெல்லாம் காலை ஒன்பது மணிக்கு. தெளிவான தலையோடு எழுதினால் மார்க் வரத்தானே செய்யும்? ஆயுத பூஜை லீவில் வீட்டுக்கு வந்தபோது, பழைய தாள் ஒன்றை இரண்டு மணிக்கு எடுத்து எழுதிப் பார்த்தேன். கடைசி 45 நிமிடத்தில் மட்டும் 17 தப்பு. ஒரு தப்புக்கு வர வேண்டிய 4 போய், இன்னும் 1 கழியும். ஆக 85 மதிப்பெண். திரும்பிப் போகவில்லை.

அதன்பிறகு பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொரு மணி டவுன் பஸ். பட்டன் போன் மட்டும் பையில். இரண்டிலிருந்து ஐந்து வரை கடிகாரம் தெரியும் மேசையில் உட்கார்ந்து, ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பேனாவால் வட்டம் நிரப்புவேன். தண்ணீருக்குக்கூட எழுந்திருக்க மாட்டேன். முதல் வாரம் களியை வயிறு நிறையச் சாப்பிட்டுப் போய் மேசையிலேயே தலை சாய்ந்தது. ஒரு நாள் 112ஆவது கேள்வியின் விடையை 113இல் நிரப்பி, அதிலிருந்து வரிசையே மாறிப்போனது. அம்மா களியைப் பாதி உருண்டையாக்கி மோர் கூட்டிக் கொடுத்தார். பிப்ரவரியில் அந்தக் கடைசி 45 நிமிடத் தப்பு ஆறாகக் குறைந்தது. 2024 வரை இருந்த கூடுதல் 20 நிமிடத்தை 2025 தேர்வில் எடுத்துவிட்டார்கள், 180 கேள்விக்கு 180 நிமிடம்தான். இயற்பியலும் கடினம். ஆனால் ஐந்து மணி வரை தூக்கம் வரவில்லை.

சீட் கிடைத்ததற்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் கைகொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. இயற்பியல் சந்தேகத்துக்கு நூலகத்தில் ஆள் கிடையாது. என் பிளஸ் டூ ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித் தராவிட்டால் திண்டாடியிருப்பேன். மதியத்தில் தேர்வு வைக்கும் ஹாஸ்டல்களும் இருக்கலாம். நான் பார்த்தது ஒன்றைத்தான்.

சித்தி வீட்டில் இரண்டு குட்டிப் பையன்கள், ஒரே அறை. நூலகம் மூடிய பிறகு அவளுக்கு உட்கார இடமில்லை. அதனால் ஹாஸ்டலுக்கே போகச் சொன்னேன். பணம் கட்டும் முன் டெஸ்ட் எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். காலையில்தான் என்றால், ஞாயிறு மதியமாவது இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து எழுத விடுவார்களா என்றும்.