யூனிட்டி பிளாசாவில் ஒரு கிராபிக்ஸ் கார்ட்

இந்தமுறை டொரொன்டோவில் இருந்து போகும்போது அக்காவின் மகனுடைய கம்பியூட்டருக்கு, படத்தைத் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கிப் போகத்தான் இருந்தேன். அவன் வேண்டாம் என்றுவிட்டான். “பழுதானா இங்க ஆரிட்ட மாமா குடுக்கிறது?” நியாயமான கேள்வி. கொழும்பிலேயே வாங்குவது என்று முடிவானது. இங்கே 13 வீத வரிக்கே முணுமுணுக்கிற நான் அங்கே 18 வீத வற் வரியோடு வாங்கினேன்.

அவனிடம் இருந்த புரொசெசர் ரைசன் 5 2600, அது உட்காரும் மதர்போர்ட் பி450. இரண்டும் 2018இல் வந்தவை. கார்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ.

காலி வீதியில் முதலில் ஏறிய கடையில் எவ்வளவு காசு வைத்திருக்கிறோம் என்று மட்டும் கேட்டார்கள். தொகையைச் சொன்னதும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் மேசைக்கு வந்துவிட்டது. பெட்டிக்குள் என்ன புரொசெசர், என்ன பவர் சப்ளை, ஒரு பேச்சும் இல்லை.

பிறகு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. அங்கே ஒரு கடைப் பொடியன் மெஷினையே கொண்டுவரச் சொன்னான். வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோவில் ஏற்றிப் போனோம். மருமகன் எந்நேரமும் விளையாடுகிற வலோரண்டை ஓடவிட்டு, படத்தின் நுணுக்கத்தை, அதாவது ரெசொலூஷனை, 1080இல் இருந்து 720க்கு இறக்கினான். இறக்கினால் கார்டின் வேலை குறையும். எஃப்பிஎஸ், அதாவது செக்கனுக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு, அசையவே இல்லை. “கார்ட் சும்மா நிக்குது அண்ணா, புரொசெசருக்குத்தான் ஏலாம இருக்கு.” பிறகு ஒரு பாரமான கேமைப் போட்டான். அதில் ரெசொலூஷனை இறக்க இறக்க எஃப்பிஎஸ் ஏறியது. அங்கே பஞ்சம் கார்டில். ஆக, முழுக் காசையும் கார்டில் கொட்டினால் வலோரண்டில் அவனுக்கு ஒன்றும் கிடைத்திராது.

அதே காசுக்குள் ரைசன் 5 5600 புரொசெசர், ஆர்எக்ஸ் 6600 கார்ட் என்று பிரித்தோம். 5600 போர்டின் அதே ஏஎம்4 சொக்கெட்டில் இருக்கும், பழைய டிடிஆர்4 ராமும் போதும். 6600க்கு 132 வாட், ஒரே ஒரு 8 பின் வயர். பழைய பவர் சப்ளையே தாங்கியது. பி450இல் எந்தப் புரொசெசர் போட்டாலும் கார்டுக்குப் போகிற பிசிஐஇ பாதை பழைய 3.0தான். அந்தப் பாதையில் 8 லேன் உள்ள 6600க்கு அதனால் இழப்பு கொஞ்சம். இன்னும் மலிவாக 6500 எக்ஸ்டி கேட்டிருந்தேன். அது 4 லேன் கார்ட், இந்த போர்டில் நன்றாகவே அடிவாங்கும் என்று பொடியன் தடுத்துவிட்டான்.

வேலை சுத்தம். புதிய புரொசெசரை போர்ட் அடையாளம் காண, பழையது இருக்கும்போதே போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸை அப்டேட் செய்தான், அதுவும் யூபிஎஸ்ஸில் போட்டு. பாணந்துறையில் குரங்கு புகுந்து 2025 பெப்ரவரியில் நாடு முழுக்க கரண்ட் போன ஊர், அப்டேட்டுக்கு நடுவில் கரண்ட் நின்றால் போர்ட் போய்விடும். புரொசெசர் மேல் இருக்கும் கூலரை ஒரேயடியாக இழுக்கவில்லை. மெஷினைச் சூடாக ஓடவிட்டு, நிறுத்தி, மெல்லத் திருகிக் கழற்றினான். ஏஎம்4இல் வெடுக்கென்று இழுத்தால் இடையில் பூசிக் காய்ந்த, சூடு கடத்துகிற பேஸ்ட் புரொசெசரையும் சேர்த்துப் பிடுங்கிப் பின்னை வளைத்துவிடும்.

பழைய 2600ஐ எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழித்தார்கள். பில்லில் மட்டும் கார்டின் சீரியல் நம்பர் இல்லை. வொரண்டிக்குத் தேவை என்று சொல்லி எழுதுவித்தோம்.