ஞாயிறு பிரியாணியா, ஞாயிறும் டயட்டா?

எடை குறைக்கும்போது வாரத்தில் ஒரு நாள் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாமா, இல்லை ஒரு நாளும் விடக்கூடாதா?

கணக்குப்படி பார்த்தால் விடாப்பிடிதான் வேகமானது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500. ஏறக்குறைய அரை கிலோ கொழுப்பு. தளர்த்துபவருக்கு ஆறு நாளில் 3,000. ஞாயிறு மதியம் ஒரு பிளேட் பிரியாணியோடு நிறுத்தினால் அதில் பெரிதாக எதுவும் போய்விடாது. ஆனால் யார் நிறுத்துகிறார்கள்? சிக்கன் 65, குளிர்பானம், சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா சால்னா என்று போய் 1,500 கலோரி கூடுதலாக ஏறினால், ஆறு நாள் சேமிப்பில் பாதி காலி. அதனால் ஒரு நாள் முழுக்க வேண்டாம், ஒரு வேளை போதும் என்பேன்.

திங்கள்கிழமை எடை ஒரு கிலோ கூடியிருந்தால் பதறாதீர்கள். உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் பிடித்து வைக்கும் தண்ணீர்தான் அதில் பெரும்பகுதி. சில நாளில் இறங்கிவிடும்.

விடாப்பிடிக்காரர்களின் சிக்கல் வேறு. கல்யாணப் பந்தியில் ஒரு ஜாங்கிரி தின்றதும், 'சரி, எல்லாம் போச்சு' என்று டயட்டையே கைவிடுகிறவர்கள் உண்டு.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு என் ஓட்டு ஞாயிறு மதியத்துக்கே. அதையும் வெளியில் ஒரு பிளேட்டாகச் சாப்பிடுங்கள். வீட்டில் அண்டா வைத்தால் ராத்திரிக்கும் அதுதான்.