கப்பன் பார்க் டபேபுயா: சீக்கிரம் போனால் அஞ்சுக்கு அஞ்சு மார்க்

சேலத்திலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன ஞாயிறு காலை ஆறரைக்கே பெங்களூரு கப்பன் பார்க் போய்விட்டேன். மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டி விடமாட்டார்கள், அதனால் பூத்து நிற்கிற டபேபுயா மரங்களை நடுரோட்டில் நின்றே அண்ணாந்து பார்க்கலாம்.

இளஞ்சிவப்பு டபேபுயா இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுத்தான் பூக்கிறது. கிளை முழுக்கப் பூ, பச்சை என்று பேருக்குக்கூட இல்லை. கீழே விழுந்த ஒன்றை அம்மா எடுத்துக் காட்டினார்: சின்னப் புனல் மாதிரி, ஓரம் கசங்கின பட்டுத்துணி, தொண்டைக்குள் மஞ்சள். மோந்து பார்த்துவிட்டு, "வாசமே இல்லையேடா!" என்றார். மல்லி கட்டிப் பழகின கை, ஏழெட்டுப் பூவைச் சேர்த்துப் பார்த்தது. டீ குடித்து முடிப்பதற்குள் துவண்டுவிட்டது.

இது நம்மூர் மரமில்லை, மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு மரம் ஓயும்போது அடுத்தது பூக்கிற மாதிரி இந்த நகரத்துக்கு மரங்களைத் தேர்ந்து நட வைத்தவர் ஜெர்மன்காரரான தோட்டக்கலை நிபுணர் கிரும்பீகல். 1908இல் இங்கே வேலைக்கு வந்தவர். பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

குறை? எட்டரைக்கு மேல் செல்ஃபி கூட்டம். ஒருத்தர் ரீல்ஸுக்காகக் கிளையைப் பிடித்து உலுக்கினார். அம்மா சேலத்துத் தமிழில் விட்ட டோஸ் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கையை எடுத்துவிட்டார்.