"சிம்ம எங்க சொருகுறது?": தீபாவளி ஆஃபரில் டேப் வாங்கிய கதை

போன வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். ஆபீஸில் இருக்கிறேன், தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து பேசுகிறாள்.

"ஏலே, டேப் வாங்கிட்டேன். சிம்ம எங்க சொருகுறதுன்னுதான் தெரியல."

"பக்கவாட்டுல சின்ன ஓட்டை இருக்கும்மா. பெட்டிக்குள்ள ஒரு பின் குடுத்திருப்பாங்க, அத வச்சுக் குத்து. தட்டு வெளிய வரும்."

"வந்துச்சு. அதுல சிம் நிக்க மாட்டேங்கு. வழுக்கி வழுக்கி விழுது."

அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது சிம் தட்டே இல்லை, மெமரி கார்டு தட்டு. மெமரி கார்டு சிம்மைவிடப் பெரியது, அந்தப் பள்ளத்தில் சிம் எப்படி நிற்கும்? வைஃபையில் மட்டும் ஓடும் டேப்பை, "போன் செய்யுற அம்புட்டும் இது செய்யும்மா, பெருசா தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லி அம்மா தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இது மட்டும் என்றால் மறுநாள் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். அடுத்து அவள் சொன்னதுதான் இடி. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாளாம். 1,800 ரூபாய் கழித்தார்களாம். கடைப் பையன் போனிலிருந்து சிம்மை உருவி, தொலையாமல் இருக்க பில்லின் மூலையில் செல்லோடேப் போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறான். நல்ல அக்கறை! ஒட்டும்போது அவனுக்குத் தெரியாதா, இந்த அம்மா இதை எதில் போடப் போகிறாள் என்று?

அம்மா வீட்டிலேயே முறுக்கு, சீடை, அதிரசம் ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில், காசு வருவது யூபிஐயில். தீபாவளி வாரம்தான் அவளுக்கு அறுவடை. அந்த வாரம் பார்த்து அவள் நம்பர் பில் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அக்கா போனில் சிம்மைப் போட்டு, ஓடிபி வாங்கி, டேப்பில் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தோம். திறந்தது. ஆனால் அது ஓட இன்டர்நெட் வேண்டுமே. வீட்டில் வைஃபை கிடையாது. இத்தனை நாளும் போனில் போட்ட டேட்டாதான், அந்தப் போன் இப்போது கடையில். அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஹாட்ஸ்பாட் வாங்கி ஆர்டர் பார்த்தாள் என் அம்மா. அறுபத்தி மூன்று வயதில்.

யூபிஐ விஷயத்தில் அதுவும் ஆகவில்லை. புதுக் கருவியில் யூபிஐ செயலியைத் திறந்தால், வங்கியில் பதிந்திருக்கும் நம்பரை உறுதிசெய்ய அந்தக் கருவியில் உள்ள சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். சிம்மே இல்லாத டேப்பில் எதிலிருந்து போகும்? வேறு போனில் வந்த ஓடிபியைப் பார்த்து இதில் அடிக்கிற வேலை இங்கே நடக்காது. மூன்று நாளில் கைவிட்டுப் போன ஆர்டரை அம்மா இன்னும் விரல்விட்டு எண்ணிச் சொல்வாள், அதை விடுங்கள்.

இதில் என் தப்பும் இருக்கிறது. "எழுத்து பொடியா தெரியுதுலே" என்று அவள் சொன்னபோது, "அப்ப டேப் வாங்கிக்கோம்மா, பெரிய ஸ்கிரீன்" என்று பஸ்ஸில் நின்றுகொண்டே சொன்னவன் நான்தான். அவளுக்குப் பெரிய ஸ்கிரீன் வேண்டுமா, பெரிய எழுத்து வேண்டுமா என்று நான் யோசிக்கவே இல்லை. பெரிய எழுத்துக்கு செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் போய் ஃபான்ட் சைஸைக் கூட்டினால் போதும், பத்துப் பைசா செலவில்லை. போதாததற்கு அவள் கண்ணாடி மாற்றி நாலு வருஷம் ஆகியிருந்தது, அது தனிக்கதை.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்க ஸ்டிக்கரில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் 'வைஃபை' என்று போட்டிருக்கிறது. சிம் போடுகிற மாடலில் அந்த இடத்தில் எல்டிஇ (4ஜியைத்தான் அப்படிப் போடுவார்கள்) என்றோ 5ஜி என்றோ இருக்கும், சிம் போடுகிற கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரும் அச்சடித்திருக்கும். இதில் ஐஎம்இஐ கிடையாது, வரிசை எண் மட்டும்தான். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே படம். இந்த ஒரு வரிதான் வித்தியாசம். முன்பக்கம் பெரிதாக '8 ஜிபி ராம்' (செயலிகள் ஓடும்போது பயன்படுகிற நினைவகம்) என்று போட்டு, கீழே நட்சத்திரக் குறியில் '4+4'. பின்னால் வருகிற நாலு, படமும் ஃபைலும் சேமிக்கிற ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய நாலு. நிஜ ராம் வேகம் அதற்கு வராது.

கடைக்காரர் அசரவில்லை. "சார், பெட்டியிலேயே போட்டிருக்கே, அம்மா பார்த்துதானே வாங்குனாங்க?" என்று சொல்லி, பில்லில் இருந்த ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. பழைய போனையாவது கொடுங்கள் என்றால், அது அன்றைக்கே கை மாறிவிட்டதாம்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு துண்டுச் சீட்டு. விலை பேசும்போது அந்தப் பையன் கடை எஸ்டிமேட் தாளில் '4ஜி டேப், 8ஜிபி, 14,500, எக்ஸ் 1,800' என்று தன் கையால் கிறுக்கிக் கொடுத்திருந்தான். அம்மா எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை, பர்ஸில் மடித்து வைத்திருந்தாள். பில்லில் வெறும் 'டேப் - 1' என்றுதான் இருந்தது. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நான் என்ன பேசினாலும் எடுபட்டிருக்காது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்தேன். பிறகு நானே ஒரு நோட்டீஸ் எழுதி, சீட்டின் நகலோடு பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்பினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்பதற்குள், பொருளைப் பற்றி எழுதிக் கொடுக்கிற பொய் மட்டுமல்ல, வாயால் சொல்கிற பொய்யும் வரும். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. இது இரண்டையும் நோட்டீஸில் எழுதியிருந்தேன்.

தபால் போய்ச் சேர்ந்த மறுநாள் முதலாளியே கூப்பிட்டார். குரலில் திடீர்ப் பாசம். டேப்பை எடுத்துக்கொண்டு அதே விலைக்கு ஒரு போன் கொடுத்தார், '1,500 ரூபாய் உபயோகித்த தேய்மானம்' கழித்துக்கொண்டு. ஆணையம் வரைக்கும் போயிருக்கலாம்தான். தீபாவளி முடிந்து கார்த்திகை வந்துவிட்டது, அம்மாவுக்குப் போன் வேண்டும், ஒத்துக்கொண்டேன்.

டேப்பே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பாடம் பார்க்க, பிடிஎஃப் படிக்க, சாய்ந்துகொண்டு படம் பார்க்க அதைப் போல வராது. வீட்டில் வைஃபையும் கையில் ஒரு போனும் ஏற்கெனவே இருந்தால், சிம் இல்லாத டேப் விலை குறைவு, தாராளமாக வாங்கலாம். ஆனால் பத்து இன்ச் டேப் கிட்டத்தட்ட அரைக் கிலோ கனக்கும், போன் இருநூறு கிராம் பக்கம். சந்தையில் ஒரு கையில் பையும் ஒரு கையில் டேப்புமாக நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். உங்கள் நம்பரும் ஓடிபியும் வங்கிக் கணக்கும் குடியிருக்கப் போகிற கருவி ஒன்றே ஒன்றுதான் என்றால், அது போனாக இருக்கட்டும்.

இல்லை, சிம் போடுகிற டேப்தான் வேண்டும் என்பவர்கள், பில் போடுமுன் உங்கள் சிம்மை அதில் போட்டு கடையில் நின்றே ஒரு கால் பேசிப் பாருங்கள். சில டேப்களில் சிம் போனாலும் டேட்டா மட்டும்தான், கால் பேச முடியாது. யூபிஐயில் யாருக்காவது ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். மாடல் நம்பரையும், 'சிம் போடலாம், கால் பேசலாம்' என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பழைய போனை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் வீட்டில் கிடந்தால் அந்த 1,800 ரூபாயில் இருநூறு குறையும், அவ்வளவுதான்.

புதுப் போன் வாங்கிய அன்று சிம்மை நான்தான் போட்டுக் கொடுத்தேன். செல்லோடேப் பசை ஒட்டி, தட்டுக்குள் லேசில் உட்காரவில்லை. அம்மா வாங்கி, முந்தானையில் நாலு துடை துடைத்துக் கொடுத்தாள்.