விடியல் நடையா, இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய நடையா?

கொழும்பு வெள்ளவத்தையின் கடற்கரைச் சாலையான மரைன் டிரைவில் விடியற்காலையிலும் நடக்கிறார்கள், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் நடக்கிறார்கள். மதிப்பு என்னவோ விடியற்காலைக் கூட்டத்துக்குத்தான். வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு கரையும், சீனியும் இறங்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இரவு நடைதான் கூடுதல் பயன் தரும் என்பது என் துணிபு.

விடியல் நடைக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். இரவு முழுவதும் எதுவும் சாப்பிடாததால் இரத்தத்தில் இன்சுலின் தாழ்ந்திருக்கிறது. இன்சுலின் தாழ்ந்தால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்கள் தாராளமாக வெளிவரும். சதையி சுரக்கும் குளுக்ககன், ஈரலில் சேமித்த கிளைகோஜனைக் குளுக்கோஸாக உடைக்க வைக்கும். இந்த நேரத்தில் நடந்தால் தசை எரிப்பதில் கொழுப்பின் பங்கு கூடுவது உண்மை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எரிந்த கொழுப்பு வேறு, மாதக் கணக்கில் குறையும் எடை வேறு. ஒரே அளவு சாப்பிடும் இரு குழுக்களில், வெறும் வயிற்றில் பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக மெலிந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

விடியலுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் கண் விழிக்கும் வேளையில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் உச்சத்தை நெருங்குகிறது. ஈரலைக் குளுக்கோஸ் வெளியிடத் தூண்டுகிறது. நீரிழிவுள்ள பலருக்கு இரவு ஒன்றும் சாப்பிடாமலே காலையில் சீனி ஏறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல் மூச்சு வாங்க ஓடினால் அதிரினலினும் சேர்ந்துகொள்ளும். ஓடி முடித்து விரலில் குத்திச் சீனி பார்த்தால் எண் கூடியிருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, சற்று நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் நல்லது செய்தும் எண் ஏறியதைக் கண்டு நடையையே கைவிடுகிறவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

இப்போது இரவுக்கு வருவோம். ஒரு தட்டுப் பிட்டு, சம்பல், கொஞ்சம் மீன் குழம்பு. ஆரோக்கியமான ஒருவரின் மொத்த இரத்தத்திலும் சுமார் 5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். அந்தப் பிட்டின் மாப்பொருளோ அதைப்போலப் பல மடங்கு. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சீனி உச்சத்தைத் தொடுகிறது. அதே சாப்பாட்டைக் காலையில் சாப்பிட்டால் ஏறுவதைவிட இரவில் கூடுதலாக ஏறும். பொழுது சாயச்சாய உடம்பு இன்சுலினுக்கு இணங்குவது குறைகிறது.

இந்த வேளையில் எழுந்து நடந்தால் என்ன ஆகிறது? தசை சுருங்கும்போது, அதன் கலங்களுக்குள் இருக்கும் குளுக்கோஸ் கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. இதற்கு இன்சுலினின் உத்தரவு தேவையில்லை. இன்சுலின் எவ்வளவு தட்டியும் திறக்காத கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவிலும் இந்த வாசல் வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். பத்துப் பதினைந்து நிமிட நடைகூட அந்த உச்சத்தைத் தணிக்கும். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். வேகமாக நடந்தால் வயிறு கனக்கும்.

இரவு நடையில் குறை இல்லாமல் இல்லை. இன்சுலின் உயர்ந்திருப்பதால் கொழுப்பு எரிவது குறைவு. எடை மட்டுமே கவலையாக உள்ளவர், சீனி சரியாக உள்ளவர், விடியலில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நடக்கட்டும். இன்சுலினுக்குத் தசை கூடுதலாக இணங்கும் பலன் எந்த நேரத்து நடையிலும் கிடைக்கிறது. ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்வரை நீடிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடங்களை எந்த வேளையில் சேர்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இன்சுலின் போடுகிறவர்களும் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் மட்டும் வெறும் வயிற்று நடையை வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கினால் நடுக்கமும் வியர்வையும் தலைச்சுற்றலும் வரும். சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது இனிப்பு இருக்க வேண்டும்.

வேலை முடிந்து நெரிசல் பஸ்ஸில் வீடு சேரவே ஒன்பது மணியாகிறவர்களுக்கு இரவு நடை நடக்காத காரியம். கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலை செய்பவர்கள் மதியச் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டதும் கதிரையில் சாயாமல் பத்து நிமிடம் நடந்தால், அந்தச் சோற்றுக்கும் இதே பலன் கிடைக்கும்.