நுவரெலியாவில் விற்பனைக்கு நிற்கும் 1966 எம்.ஜி.பி.: கொழும்புக்குத் தைத்த சட்டை

எம்.ஜி.பி. அரிய கார் அல்ல. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றும் ஆணி முதல் முழு பொடி வரை புதிதாக வாங்க முடிகிறது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் மலையகத்தில் வைத்துப் பராமரிக்கக்கூடியது எது என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இதுதான். நுவரெலியாவில் இப்போது விலை பேசப்படும் இந்த 1966 திறந்த கூரைக் கார் முழுதாகப் பிரித்துக் கட்டப்பட்டது. ஐந்து கியர் பெட்டி, எலெக்ட்ரொனிக் இக்னிஷன், அலுமினிய ரேடியேட்டர், மின்விசிறி, பிரேக் சர்வோ, பின்பக்க டெலஸ்கோப்பிக் ஷொக் அப்சோபர் எல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். வேலை சுத்தம். ஆனால் மேம்படுத்திய கை கடல்மட்டத்துக் கை.

முதலில் காபரேட்டர். 1798 சி.சி. எஞ்சினுக்கு இரண்டு எஸ்.யூ. காபரேட்டர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 95 குதிரைவலுவில் அந்த அளவு மலையிலேயே கழிந்துவிடும், அதற்கு எந்த மெக்கானிக்கும் பொறுப்பல்ல. ஆனால் கீழே வைத்த காற்று-பெற்றோல் கலவை மேலே தடித்துப்போகும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடிவிடும். இந்தக் காரின் நான்கு பிளக்கும் கரிபிடித்து இருந்தது அதனால்தான். ஜெட்டின் அடியில் உள்ள அறுபட்டை நட்டை இரண்டு காபரேட்டரிலும் சம அளவாக ஒரு பட்டை, தேவையானால் இரண்டு பட்டை மேலே ஏற்றினால் போதும். பிறகு காபரேட்டரின் பிஸ்டனை ஊசிமுனை அளவு தூக்கிப் பார்க்க வேண்டும்: சுற்று சற்று ஏறி உடனே அடங்கினால் சரி, ஏறியபடியே நின்றால் இன்னும் தடிப்பு. கொழும்புக்கு நீண்ட பயணம் போவதென்றால் அதே பட்டைகளைத் திரும்ப இறக்கத்தான் வேண்டும். மெலிந்த கலவையோடு சமவெளியில் விரட்டினால் வால்வு கருகும்.

பெற்றோலிலும் இதே கதை. 8.8:1 அமுக்கம் உள்ள இந்த எஞ்சின் மேலே 92 ஒக்டேனில் சத்தமில்லாமல் ஓடும். கீழே அவிசாவளை வெயிலில் அக்சிலரேட்டரில் கால் வைத்தால் 'டிக் டிக்' என்று தட்டும். 95 போடுவதே நல்லது. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டதால், வால்வு சீட்டைக் காத்த ஈயம் இப்போது இல்லை; எஞ்சின் தலையில் (சிலிண்டர் ஹெட்) கடினமான வால்வு சீட் பொருத்தியிருக்கிறார்களா என்று பில்லைக் கேட்டுப் பாருங்கள். வாய்வார்த்தை போதாது.

இனி, விற்பவர் பெருமையாகச் சொல்லும் ஐந்து கியர் பெட்டி. இது ஃபோர்ட் டைப் 9. அதிவேக வீதியில் அருமை: மணிக்கு 100 கிலோமீற்றரில் 3470 சுற்று ஓடவேண்டிய எஞ்சின் 2850இல் ஓடும். முதல் கியருக்கும் சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இருப்பதால் ஓடும்போதே முதலாவதைப் போடலாம். பழைய பெட்டியில் அது பல் கடிக்கும் வேலை. குறை இரண்டாவது கியரில். பழைய பெட்டியில் இரண்டாவதின் விகிதம் 2.21, இதில் 1.97; எண் குறைந்தால் இழுவையும் குறையும். முதல் கியரில் 4000 சுற்று வரை ஏற்றி இரண்டாவதைப் போட்டால் பழையதில் 2430க்கு விழும், இதில் 2160க்கு. ரம்பொடைக் கொண்டையூசி வளைவுகளில் இருபது, இருபத்தைந்து வேகத்தில் முதலாவது கத்தும், இரண்டாவது இழுக்காது. காற்று மெலிந்த இடத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும்.

பெட்டியைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. 1966 திறந்த காருக்குப் பழைய பாஞ்சோ வகைப் பின்அச்சுதான், முந்திய மொடலான எம்.ஜி.ஏ.வின் 4.3 விகித டிஃபரன்ஷல் அதில் உட்காரும். இப்போதுள்ள 3.9ஐ எடுத்து 4.3 போட்டால் இரண்டாவது கியரின் இழுவை பழைய பெட்டிக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். ஐந்தாவதில் 100க்கு 3130 சுற்று, அதுவும் பொறுக்கக்கூடியதே. ஸ்பீடோமீட்டரைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று: டைப் 9இல் ஒயில் வடிக்கும் ஆணி கிடையாது. பழைய எம்.ஜி. பெட்டிக்கு எஞ்சின் ஒயில் ஊற்றிப் பழகியவர்கள் இதற்கும் அதையே ஊற்றிவிடுவார்கள். 80 தர கியர் ஒயில், ஏறக்குறைய 1.9 லீற்றர்.

ரேடியேட்டரும் மின்விசிறியும் உண்மையிலேயே பிரயோசனம். லபுக்கலை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் ஊசி நடுவிலேயே நிற்கும். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், ஆகவே அழுத்தத்தைப் பிடித்துவைக்க ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுக்கமாக இருப்பது அவசியம். சூடான எஞ்சினில் ஒயில் அழுத்தம் ஓட்டத்தில் 60 பி.எஸ்.ஐ., ஐடிலில் 20. நல்ல எண்கள்.

பிரேக் சர்வோ காலின் பாரத்தைக் குறைக்கும், டிஸ்க்கின் சூட்டைக் குறைக்காது. கம்பளைக்கு இறங்கும்போது மூன்றாவதிலோ இரண்டாவதிலோ விட்டு எஞ்சினால் பிடிக்கத்தான் வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இந்த மூடுபனி ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் இறக்கத்தில் பெடல் பஞ்சாகும். டெலஸ்கோப்பிக் ஷொக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: தோட்டப் பாதையில் பின்பக்கம் குதிக்கிறது, பழைய லீவர் வகையைப் புதுப்பித்திருந்தாலே போதும்.

பொடிக்குக் கூரை இல்லை, ஆகவே கதவுக்குக் கீழுள்ள சில்தான் முதுகெலும்பு. ஜாக்கி வைக்கும் இடத்தில் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தோம். இறுகவில்லை, இடைவெளியும் மாறவில்லை. அலுமினிய பொனட்டைத் தவிர, காந்தமும் எல்லா இடத்திலும் ஒட்டியது. இடது கதவில் மட்டும் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே பெயின்ட்டில் மயிரிழைக் கீறல். இந்த மொடலின் பரம்பரை நோய் அது. வெல்டிங் செய்யாமல் பூசினால் திரும்ப வரும். சீட்டுக்குப் பின்னால் பற்றரிப் பெட்டியின் அடித்தகட்டையும் தட்டிப் பாருங்கள். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறது.

கம்பிச் சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதிக்க, முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். 'டக்' என்று ஆடினால் சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் பற்களான ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கிறது. இதில் பின் வலது மட்டும் இலேசாக ஆடுகிறது, அந்த ஹப்பின் விலையைக் கழித்துப் பேசலாம். முன் கிங்பின்களுக்கு ஒரு பக்கம் மூன்றாக ஆறு கிரீஸ் நிப்பிள்கள், சக்கரத்தைத் தூக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். டிக்கியில் செப்புத்தலைச் சுத்தியல் இல்லை. அதனால் தட்டி இறுக்கவேண்டிய, சக்கரத்தின் நடு நட்டுகளின் காதுகளில் இரும்புச் சுத்தியலின் தழும்பு தெரிகிறது. அதையும் கேட்டு வாங்குங்கள்.